பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து

“பத்தியிலயே பதில் கீது மேடம். கண்ணத் தொறந்து படிச்சாத்தானே?”

பூந்தமல்லியில் பத்திரம் எழுதும் லோகேஷ், ஆசிரியை ஷம்ஷாத்தின் எதிரில் உட்கார்ந்து மகளை விளாசிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது படிக்கும் தர்ஷிகா, தமிழ்த் தேர்வில் வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் இருபதுக்கு ஆறுதான் வாங்கியிருந்தாள். தலையைக் குனிந்தபடி நின்றாள்.

“என்கிட்ட வர்ற பார்ட்டிங்களுக்கு நான் தெனமும் சொல்றதே அதான் மேடம். ஒரு வரி உடாம படி, அப்பால கையெழுத்துப் போடு!”

“விடைத்தாளை நீங்க படிச்சீங்களா சார்?”

“இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? பத்திரத்துல போடுற மாதிரி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக்கீறேன், பாருங்க!”

ஷம்ஷாத் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி அவர் முன் வைத்தார்.

‘மேலோட்டமான வாசிப்பு என்றால் என்ன? எடுத்துக்காட்டுடன் விளக்குக.’

தர்ஷிகா எழுதியிருந்தாள்: ‘எங்கள் அப்பா என் விடைத்தாளைப் படிப்பது. மதிப்பெண்ணைப் பார்ப்பார், திட்டுவார், இந்த வரியைப் படிக்காமலேயே கீழே கையெழுத்துப் போடுவார்.’

“இந்த ஒரு கேள்விக்குத்தான் சார் முழு மார்க் குடுத்திருக்கேன்.”

லோகேஷ் ஒரு வரி விடாமல் படித்தார். மறுபடியும் படித்தார். அதற்கு நேர் கீழே, தேதியோடு, அவருடைய கையெழுத்து.

“போலாம்பா,” என்றாள் தர்ஷிகா மெல்ல.

லோகேஷின் தலை நிமிரவே இல்லை.