தோரியம் எரிந்த நாள்

அணு உலைக்குள் யுரேனியமும் தோரியமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. யுரேனியத்தின் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக உடைந்து எரிந்தார்கள். உடையும்போதெல்லாம் நியூட்ரான்கள் தெறித்தன.

“அண்ணே, நானும் ஒரு தடவை எரியணும்” என்றது தோரியம்.

“நீ கடற்கரை மணல்ல கிடந்தவன்டா. எரியிறது எங்க வம்சத்துக்குத்தான். தெறிக்கிறதைப் பொறுக்கித் தின்னுட்டு சும்மா கிட” என்று சிரித்தது யுரேனியம்.

தெறித்து வந்த நியூட்ரான் ஒன்றைத் தோரியம் விழுங்கியது. அதன் பிறகு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக மாறி, ஒரு மாதத்தில் அதுவும் யுரேனியமாகிவிட்டது.

பழைய யுரேனியம் திகைத்துப்போனது.

“அட, நம்ம ஆளா நீங்க! வாங்க பங்காளி. அன்னிக்கு ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன்.”

“ஒரு எழுத்துகூட மறக்கலண்ணே.”

“இன்னுமா மனசுல வச்சிருக்கீங்க?”

“வச்சிருக்கேன். கடைசி வரைக்கும் வச்சிருப்பேன்.”

அப்போது ஒரு நியூட்ரான் வேகமாக வந்து தோரியமாக இருந்த அந்த அணுவின்மேல் மோதியது. அணு இரண்டாக உடைந்து பிரகாசமாக எரிந்தது. சுற்றியிருந்த தண்ணீர் சூடேறியது.

கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் எரிவது அவ்வளவு சுகமாக இருந்தது.