முப்பத்தொன்பது இஞ்சு

"மூச்சை உள்ளே இழுக்காதீங்க அண்ணாச்சி. இழுத்தா அளவு பொய் சொல்லும்."

டெய்லர் பெத்துராஜ் இதைச் சொன்னபோது, அவன் கையிலிருந்த இஞ்சு டேப், யூனியன் ஆபீஸ் சூப்பிரண்டு சங்கரசுப்பிரமணியனின் இடுப்பை முக்கால் வட்டம் சுற்றி வந்திருந்தது. மீதிக் கால் வட்டத்தில் ஒரு குடும்பத்தின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

வைகாசியில் மகள் வள்ளித்தாயின் கல்யாணத்துக்கு இதே கடையில் அளவெடுத்தபோது அந்த இடுப்பு நாற்பத்திரண்டு. கல்யாண போட்டோ வந்ததும் சூப்பிரண்டு திடுக்கிட்டார். மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் அவருடைய வயிறு நின்றிருந்தது. ஏதோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைத் தேடிப் படித்தார். மறுநாளே வீட்டில் உத்தரவு போட்டார். ஆபீஸில் சர்க்குலர் அனுப்பிப் பழகிய கை அல்லவா? இடுப்பு முப்பத்தொன்பதைத் தொடும்வரை அரிசி, தேங்காய், எண்ணெய், சீனி நான்கும் சஸ்பெண்ட்.

காலையில் கொள்ளுக் கஞ்சி. மத்தியானம் அவித்த பீர்க்கங்காய். ராத்திரி வறட்டுக் கோதுமை ரொட்டி ஒன்று. ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும். கஞ்சியையும்தான்.

அவர் மனைவி சுப்புத்தாய்க்கு ஊதினால் பறக்கிற உடம்பு. அவளுக்கும் அதே கஞ்சி. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் நாளை மறுநாள் ஆடி ஒன்று. தலை ஆடிக்கு மகளையும் புது மாப்பிள்ளையையும் அழைத்தாகிவிட்டது. மருமகன் இலையில் அவித்த பீர்க்கங்காயை வைத்தால் சம்பந்தி வீட்டார் ஏழு ஊருக்குச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று அவள் மன்றாடிப் பார்த்தாள்.

"அவருக்கும் இப்பமே லேசா தொந்தி விழுது. பழகட்டும். முப்பத்தொம்பது வந்தா சொல்லு, பாப்போம்" என்று சூப்பிரண்டு அந்த ஃபைலை மூடிவிட்டார்.

பெத்துராஜுக்கோ அவர் மேல் அபார பக்தி. தெற்கு ரத வீதியில் உட்கார்ந்து வாலிபப் பயல்களுக்கு பெல்பாட்டம் தைத்தபடி, சூப்பிரண்டின் வைராக்கியத்தைத்தான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் அவர் வடை தின்பதை அவன் கண்ணாரக் கண்டிருக்கிறான். மற்றவர்களைப் போல எடுத்தோம் கடித்தோம் என்று தின்னமாட்டார். பேப்பருக்குள் வைத்து, உள்ளங்கையால் அமுக்கு அமுக்கு என்று அமுக்குவார். "எண்ணெயெல்லாம் பேப்பருக்குப் போயிட்டு வே. இனி இது வெறும் உளுந்து" என்பார். அப்புறம்தான் நாலு தின்பார். அந்தக் கட்டுப்பாடு யாருக்கு வரும்?

போன வாரக் கடைசியில், மாப்பிள்ளை தங்கும் அறைக்கு ஜன்னல் திரை தைக்க அளவெடுக்க வேண்டும் என்று சுப்புத்தாய் இந்த டேப்பைத்தான் இரவல் வாங்கிப் போனாள். மூன்று நாள் கழித்து, இன்று காலையில் அவள் திருப்பிக் கொடுக்க வந்தபோதுகூட பெத்துராஜ், "அண்ணாச்சி மாதிரி ஒரு மனுசன் அமைய நீங்க குடுத்து வச்சிருக்கணும் மதினி" என்றான். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

டேப் சுற்றி முடிந்தது. பெத்துராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"முப்பத்தொம்பது, அண்ணாச்சி."

"சரியாப் பாரும் வே."

"பாத்துட்டேன். ஒரு நூல் குறையத்தான் இருக்கு."

சூப்பிரண்டு பேச ஆரம்பித்தார். கால் மணி நேரம் நிறுத்தவில்லை. முந்தாநாள் ஸ்டேஷன் எடை மிஷின் அவருக்கு இரண்டு கிலோ கூடியிருப்பதாகச் சீட்டு கொடுத்ததாம். அது ரயில்வே இலாகாவின் லட்சணம். பழைய பேண்டுகள் இன்னும் இறுக்குகின்றனவாம். அது மில்காரன் சுருங்குகிற துணியாகப் பார்த்து விற்றதன் லட்சணம்.

"மிஷின் பொய் சொல்லும், துணி பொய் சொல்லும். இஞ்சு டேப்பு பொய் சொல்லாது வே" என்றவர், அங்கேயே சஸ்பென்ஷனை ரத்து செய்தார். போகிற வழியில் சீரகச் சம்பாவும் நெய்யும், கை கொள்ளாமல் தேங்காயும் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

பெத்துராஜுக்குப் புல்லரித்துவிட்டது. நாளை முதல் தனக்கும் கொள்ளுக் கஞ்சிதான் என்று முடிவெடுத்தான். ஆரம்பத்திலேயே அளவைக் குறித்துவைத்துக்கொள்வோம் என்று டேப்பைத் தன் இடுப்பில் சுற்றினான்.

வைகாசியில் முப்பத்தாறாக இருந்த இடுப்பு, நடுவில் ஒருநாள் பிரியாணியைக்கூட விடாமலேயே, முப்பத்துமூன்றரை ஆகியிருந்தது.

நாலு தடவை அளந்தும் அதே முப்பத்துமூன்றரைதான். மறுநாள் காலையிலும் அவன் டேப்பும் கையுமாக விழித்துக்கொண்டிருந்தபோது சுப்புத்தாய் படியேறி வந்தாள். புத்தம் புது இஞ்சு டேப் ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"பழசைத் தூரப் போட்டுருங்க தம்பி. அதை வச்சு வேற யாருக்கும் அளவெடுத்துராதீங்க."

பெத்துராஜ் பழைய டேப்பை எடுத்துப் புதுசுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்தான். 

"துணி டேப்புதான? நல்லா நனச்சு, மூணு நாளு தண்ணி எறைக்கிற கிணத்துச் சகடையில தொங்கவிட்டேன்" என்றாள் அவள். "அரைக்க ஒரு சில்லு தேங்கா இல்லாம ஒண்ணர மாசமா சும்மா கெடந்த அம்மிக் குழவிக்கும் ஒரு வேலை வேணும்லா? அதைத்தான் அடியில கட்டிவிட்டேன்."