பதினெட்டு ரூபாய்ப் பிச்சாத்தி

ஈசாக்கை எதைச் சொல்லித் திட்டினாலும் அவனுக்குக் கோபம் வராது. குடிகாரன் என்றால் சிரிப்பான். சோம்பேறி என்றால் தலையாட்டுவான். அவன் விற்கிற மடக்குக் கத்தியை மட்டும் குறை சொல்லிவிடக் கூடாது.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பனச்சமூடு சந்தையில் சாக்கை விரித்து, ஒன்பது வருடமாக அந்தக் கத்தியைத்தான் விற்கிறான். ஊரில் அதற்குப் பிச்சாத்தி என்று பேர். விலை பதினெட்டு ரூபாய். பேரம் கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கத்துக்காரர்களிடம் மலையாளத்திலும், அந்தப் பக்கத்துக்காரர்களிடம் தமிழிலும் அதன் பெருமையைப் பாடுவான். ஒவ்வொரு பிடியிலும் சின்னதாக ஒரு சிலுவை சுட்டு வைத்திருப்பான். அதுதான் அவன் முத்திரை.

தொண்ணூற்று நாலாம் வருட ஓணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, சிலுவை போட்ட கத்தி ஒன்று போலீஸ் ஸ்டேஷன் மேஜைமேல் கிடந்தது. மேஜைக்கு முன்னால் ஈசாக் நின்றான். எஸ்.ஐ. வேலாயுதன் ஆள் அனுப்பி அவனை வரச் சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். விலாசினியின் தோட்டத்தில் ஓணச் சந்தைக்காக விளைந்து நின்ற ஏத்தன் வாழைக்குலைகள் பதினொன்றை, அவள் கல்யாண வீட்டுக்குப் போன நேரம் பார்த்து யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் வைத்தது ஒரே ஒரு குலை. அந்த வாழையின் அடியில் இந்தக் கத்தி கிடந்தது.

லாக்கப்புக்குள் ஒருவன் முழங்காலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். ஈசாக் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"இது நீ விக்கிற பிச்சாத்திதானே?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"ஆமா சாரே. சிலுவையப் பாத்தா தெரியுமே. நம்ம சரக்காக்கும்."

நெய்யாற்றின்கரை வக்கீல் கிருஷ்ணன்குட்டி, கையில் மனுவோடு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அதுனால என்ன சாரே? இதே பிச்சாத்தி ஆயிரம் பேருகிட்ட உண்டு. என் கட்சிக்காரன் வீட்ட முழுக்கத் தேடினீங்க. ஒரு வெட்டுகத்தி கிடைச்சுதா? இந்த விளையாட்டுச் சாமான வச்சு ஏத்தன் குலை வெட்ட முடியுமா?"

விளையாட்டுச் சாமானா? ஈசாக்கின் காது சிவந்தது.

எஸ்.ஐ. கத்தியை விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அது ஞாயம்தான். குலைக்காம்பு கைத்தண்டி இருக்கும். இதால வெட்ட முடியாதுண்ணா கேசு நிக்காது. ஆள விட வேண்டியதுதான்."

"கள்ளன விடப்பிடாது சாரே," என்றாள் சுவரோரம் நின்ற விலாசினி. "அந்தக் குலைய வித்து பிள்ளையளுக்கு ஓணத்துக்குத் துணி எடுக்கலாம்ணு இருந்தேன்."

வக்கீலுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "பதினெட்டு ரூவாய்க்கு வேற என்ன கிடைக்கும்? தகரமாக்கும் இது. பென்சில் சீவலாம். அதும் ரெண்டு தடவ சீவினா மூணாவது தடவ வளையும்."

வாசலில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்து நின்றார்கள். அதில் ஒருவன் சிரித்தே விட்டான். தகரம் என்கிற பேச்சு இந்த வாசலைத் தாண்டினால், அடுத்த சந்தைக்கு முன்னால் வெள்ளறடைக்கும் பாறசாலைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் யார் வாங்குவார்கள்? ஒன்பது வருடமாகச் சேர்த்த நல்ல பேர் ஒரு வக்கீலின் வாயால் போவதா?

"வக்கீல் சாரே, வாயில வந்தத சொல்லப்பிடாது. லாரிப் பட்டையில அடிச்ச இரும்பாக்கும்," என்றான்.

வக்கீல் அவன் காலை நறுக்கென்று மிதித்தார். "நீ மிண்டாம நில்லு."

நாலு எழுத்துப் படித்துவிட்டால் ஏழையின் காலை மிதிக்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஈசாக் பல்லைக் கடித்தான்.

"முடியும்ணா காட்டு மக்கா," என்றாள் விலாசினி. மிச்சமிருந்த அந்த ஒற்றைக் குலையைச் சாட்சிக்கு வெட்டித் தூக்கி வந்திருந்தாள். அதை அவன் முன்னால் நகர்த்தி, நீண்டிருந்த காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொடுத்தாள். எவ்வளவு நல்ல மனுஷி என்று ஈசாக் நெகிழ்ந்துபோனான்.

எஸ்.ஐ. கத்தியை அவன் பக்கம் தள்ளினார். "சாரே, இதெல்லாம் முறை இல்ல" என்று வக்கீல் குறுக்கே பாய்ந்தார். அதற்குள் கத்தி ஈசாக்கின் கைக்கு வந்துவிட்டது.

கட்டைவிரலால் விரித்தான். டக்கென்று பூட்டிக்கொண்டது. காம்பின்மேல் சாய்த்து வைத்து ஓர் இழுப்பு. மறு இழுப்பில் காம்பு துண்டாகி, வாழைக்கறை சொட்டச் சொட்ட விலாசினியின் கையோடு போனது.

வாசலில் சிரித்தவன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். ஈசாக் அதோடு விடவில்லை. கத்தியைக் கைலியில் துடைத்து, வக்கீல் பிடித்திருந்த மனுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தான். சத்தமே இல்லாமல் மனு இரண்டானது.

"பாத்தியளா? பதினோரு குலை வெட்டின பிச்சாத்தியாக்கும். அதுக்குப் பிறவு ஒரு தடவகூட சாணை பிடிக்கல. கூர் போயிருக்கா பாருங்க."

எஸ்.ஐ. விரலால் தடவிப் பார்த்தார். "ஒத்துக்கிடுதேன் ஈசாக்கே. பதினெட்டு ரூவாய்க்கு இது கொள்ளாம்."

ஈசாக்குக்கு மனம் குளிர்ந்தது. வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்படி கத்தியை ஒருமுறை உயர்த்திக் காட்டிவிட்டு, மடக்கி மேஜைமேல் வைத்தான்.

எஸ்.ஐ. சாவியை எடுத்துப்போய் லாக்கப்பைத் திறந்தார். முந்தின நாள் குடித்துவிட்டுச் சந்தையில் புரண்ட எலியாவை எழுப்பி வீட்டுக்குப் போகச் சொன்னார். வக்கீல் கிருஷ்ணன்குட்டி இரண்டு துண்டு மனுவையும் பைக்குள் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

அன்று காலையில் ஜீப் பிடித்துப் போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இந்தக் கேசிலிருந்து தன்னை எப்படியாவது காப்பாற்றும்படி அவரைக் கூட்டி வந்ததே ஈசாக்தான்.