செட் ஆகுமா?

சோபாக் கடையின் கண்ணாடி வழியாக மாலை வெயில் நுழைந்து, உறை பிரிக்காத மெத்தைகளின் மேல் வழுக்குகிறது. நீல சோபாவின் ஒரு முனையில் பல் டாக்டரம்மா. மறுமுனையில் அத்தை அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. தற்செயலாகச் சந்தித்த மாதிரி நடிக்கிறார்கள். நடிப்பு யாருக்கும் வரவில்லை. "எல்லாம் நீங்க செட் பண்ணதுதானே அத்தை?" என்கிறாள் அவள். அத்தை குஷனைத் தட்டிப் பார்க்கிறாள். "செட்டா எடுத்தா லாபம்மா, தனித்தனியா எடுத்தா கட்டுப்படியாகாது," என்று கடைக்காரர் சோபாவைத்தான் சொல்கிறார். பார்வை மட்டும் இருவர் மேலும் இருக்கிறது. "உனக்கு செட் ஆகுமா, ஆகாதா? அதைச் சொல்லுடி!" அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. உறையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் விரல் நின்றுவிடுகிறது. "தினமும் பல் செட் மாட்டி விடுறவ நான். மாட்டின உடனே யாருக்கும் செட் ஆகாது அத்தை. ஒரு வாரம் உறுத்தும், அப்புறம்தான் தெரியும்," என்கிறாள். மாப்பிள்ளை முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்க்கிறான். "அப்ப ஒரு வாரம் நான் உறுத்தட்டுங்களா?" அவள் சிரிப்பை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. மடியில் இறுக்கியிருந்த கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்காருகிறாள். கடைக்காரர் யாரையும் கேட்காமல் சோபாவின் விலைச் சீட்டைக் கிழிக்கிறார்.