எவனோ வாங்கிய கடன்

"எவனோ ஒரு அயோக்கியன் என் பேர்ல கடன் வாங்கியிருக்கான்!"

பூட்டுக்காரர் போட்ட சத்தத்தில், முன்னறைக் கடையில் தொங்கிக்கொண்டிருந்த பூட்டுகளில் ரெண்டு தாமாகவே திறந்துகொண்டன. நம்பாதவர்கள் பக்கத்துக் கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி எட்டிப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க. என்னாச்சு?"

"என்ன ஆகணும்? சாவி வெட்டுற மெஷினுக்கு லோன் கிடையாதாம். என் கிரெடிட் ரிப்போர்ட்ல ஏதோ ஃபைனான்ஸ் கம்பெனிக் கடன் இருக்காம். நடுவுல ரெண்டு மாசம் தவணை கட்டலையாம். இன்னும் பாக்கி நிக்குதாம். மேனேஜர் கையை விரிச்சுட்டார்."

அவள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். நூல் ஊசிக்குள் போக மாட்டேன் என்றது.

"நீங்க போய்ச் சண்டை போடாதீங்க. நாளைக்கு நான் போய் என்னன்னு கேட்டுட்டு வரேன்."

"நீயா? கடனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அவள் நூல் நுனியை மறுபடி எச்சில் தொட்டு முறுக்கினாள்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. கையால் அரம் போட்டுச் சாவி செய்யும்வரை இப்போது யார் நிற்கிறார்கள்? மெஷின் வராவிட்டால் கடைக்கே பூட்டுப் போட வேண்டியதுதான். அதற்காகத்தான், கடன் என்றாலே காத தூரம் ஓடுகிற மனுஷன், வெட்கத்தை விட்டு வங்கிப் படி ஏறினார்.

ஹெல்மெட்டை மாட்டினார். ஸ்கூட்டரை உதைத்தார். ரிப்போர்ட் தயாரிக்கும் அலுவலகத்தில் போய்த்தான் இறங்கினார்.

"உட்காருங்க சார்" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

"உட்கார வரலைம்மா. யாரைக் கேட்டு என் பேர்ல கடனை ஏத்தினீங்க? ஒரு கைமாத்துகூட வாங்காதவன் நான். வாசல்ல நிக்குதே ஸ்கூட்டர், அதுகூட மளிகைக் கடைக் குலுக்கல்ல பரிசா விழுந்தது. நம்ம அதிர்ஷ்டம் அப்படி!"

"அப்படின்னா இந்தப் படிவத்துல எழுதிக் கொடுங்க. நான் அந்தக் கம்பெனியைக் கேக்கறேன்."

'இந்தக் கடன் என்னுடையது அல்ல' என்று காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார்.

அவள் போனில் பேசினாள். குறித்துக்கொண்டாள்.

"வண்டிக் கடன் சார். கையெழுத்து உங்களுதுதானாம். வண்டி நம்பர் சொல்றாங்க, தெரிஞ்ச நம்பரான்னு பாருங்க."

வாசித்தாள்.

பூட்டுக்காரர் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். அந்த நம்பர் வெயிலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு மனைவி காகிதக் கட்டோடு வந்து, "பரிசு விழுந்திருக்குங்க! இங்கெல்லாம் கையெழுத்துப் போடுங்க" என்றதும், படித்துப் பார்க்காமலே ராஜா மாதிரிப் போட்டுத் தள்ளியது நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால், யார் வீட்டுக் கதவு பூட்டிக்கொண்டாலும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முட்டிவலியோடு நடந்தது நினைவுக்கு வந்தது. "தவணையில ஒரு வண்டி எடுக்கலாமே" என்று அவள் கெஞ்சியதும், "கடன்ல ஏறி உட்கார்றதுக்குப் பதிலா நொண்டிக்கிட்டே நடப்பேன்" என்று இவர் எகிறியதும்கூட.

ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறந்தவர், வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"தவணை கட்டாத அந்த ரெண்டு மாசம்... எதும்மா?"

சொன்னாள். அவர் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்கள். கட்டில் பக்கத்திலேயே மனைவி உட்கார்ந்திருந்தாள். தையல் மெஷின் வீட்டில் துணி போர்த்திக் கிடந்தது.

"இப்ப எவ்வளவு பாக்கி?"

"ஒண்ணும் இல்லை சார். முழுசாக் கட்டியாச்சாம். அவங்கதான் எங்களுக்குத் தகவல் அனுப்பலை. பிழைன்னா அதுதான், திருத்திடலாம். அந்த ரெண்டு மாசத்துக்கு ஏதாவது காரணம் இருந்தா..."

"ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு."

"கொண்டு வாங்க, விளக்கமாச் சேர்த்துடறேன். மேனேஜர் ஒத்துக்குவார்னுதான் நினைக்கறேன். ஆனா சார், கடன் உங்களுது இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?"

பூட்டுக்காரர் படிவத்தைத் திருப்பி வாங்கினார். 'அல்ல' என்பதை அடித்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"அவங்க பக்கம்தான் தப்பு. திருத்தறேன்னுட்டாங்க. லோன் கிடைச்சுடும்." ஸ்கூட்டரை நிறுத்தி, சட்டை நுனியாலேயே அதன் சீட்டைத் துடைத்தார்.

அவள் மெல்லக் கேட்டாள். "அப்ப... கடன் யாருதாம்?"

"எவனோ ஒரு அதிர்ஷ்டக்காரனுதாம்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "பாவம், என்ன அதிர்ஷ்டம்னு அவனுக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுதாம்."