படத்தில் ஒருவர் மட்டும்

"சிரிக்காதய்யா, இது கவர்மெண்டு போட்டோ!"

யசோதா செல்போனைக் கன்னையாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். எட்ட நின்றால் அவளுக்குச் சரியாகத் தெரியாது. கண் முகாமில் அவர் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தார்; அவள் வேண்டாமென்று வந்துவிட்டாள்.

"எவ்ளோ பெரிசு வாங்கிக்கினு வந்துகீற! இதப் பாத்தே நான் பொட்டு வச்சிக்கலாம் போல."

"எடுத்துத் தொலைடி. அங்க தறி நிக்குது."

"நிக்கட்டும். தலைய ஆட்டாத. வாய மூடு."

ஐதராபாத்தில் இருக்கும் மகள் தரணி இருவருக்கும் விமான டிக்கெட் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். ரேணிகுண்டா விமான நிலையத்தில் வரிசையில் நிற்காமல் முகத்தைக் காட்டியே உள்ளே போகலாமாம். அதற்கு அரசாங்கத்தின் விமான வலைத்தளத்தில் முன்கூட்டியே படம் ஏற்ற வேண்டுமாம்.

அன்று கன்னையாவை மட்டும் எடுத்து முடித்தார்கள். யசோதாவை நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தது. "தனியா கெடக்காத நைனா, என்கூட வா" என்று தரணி டிக்கெட் எடுத்துவிட்டு, அம்மா எடுத்த அந்தப் படத்தையே வலைத்தளத்தில் ஏற்றினாள். கீழே சிவப்பு எழுத்து வந்து நின்றது: 'நிராகரிக்கப்பட்டது. படத்தில் இருவர் உள்ளனர்.'

"யாருடி இன்னொருத்தன்?" என்றார் கன்னையா.

புகார் கொடுக்கலாமென்று போனால், உள்ளே நுழைய முகத்தைக் காட்டு என்றது. முகம்தானே புகாரே! கடைசியில் தரணி தன் முகத்தைக் காட்டி உள்ளே போய், அப்பாவின் முகத்துக்காகப் புகார் எழுதினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. திருப்தியா?' 'இல்லை' என்பது எத்தனை அழுத்தினாலும் அமுங்கவில்லை. 'ஆம்' தொடுவதற்குள் அமுங்கியது.

கன்னையா உதவி எண்ணைப் பிடித்து, தாம் ஒரே ஆள்தான் என்று தெலுங்கில் கத்தினார். "ஒக்கடே சார், ஒக்கடே!" அந்தப் பக்கம் இந்திப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு நாகபூஷணம் விஷயத்தை விசாரித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு மூஞ்சி கீதுன்னு கவர்மெண்டே சொல்லிட்டுது. எலெக்‌ஷன்ல நில்லுய்யா!"

தரணிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விமானம். சுடுதண்ணி வைக்கத் தெரியாத மனிதரை இந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

"வேற போட்டோ எடுத்துக்கலாம் நைனா. ரெண்டு நிமிசம்."

"உங்கம்மா எடுத்தது. அதான் போவணும்."

"அது போவலியே!"

"அப்ப நானும் போவல. நீ போய்க்கோ."

"மெஷினுக்குத்தான் மூளையில்ல, உனக்குமா?" தரணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செல்போனில் அந்த வலைத்தளத்தைத் திறந்து, ஏற்றிய படத்தை டிவியில் பெரிதாகப் போட்டாள். "கொடியில காயற சட்டையப் பாத்து ஆளுன்னு நெனச்சிக்கினு கீதோ என்னமோ. அத வெட்டிட்டு அனுப்பலாம், இரு."

ஒவ்வோர் இடமாக இழுத்துப் பெரிதாக்கினாள். சுவர். கொடி. சட்டை. இவர் காது. மீசை. கண்ணாடிக்கு வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

"நைனா..."

கன்னையா எழுந்து டிவிக்கு மிக அருகில் போனார். இரண்டு கண்ணாடி வட்டத்திலும் தூக்கிப் பிடித்த செல்போன். அதற்குப் பின்னால் ஒரு பெரிய பொட்டு, ஒரு திறந்த வாய். கீழே அந்தச் சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது.

"கம்ப்ளைண்ட்ட வாபஸ் வாங்கிடும்மா" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பாரு, இதுக்குள்ளயும் என்னத் திட்டிக்கினுதான் கீறா!"