பதினேழாம் நம்பர் பெட்

"பாத்ரூமா? இது என்ன ஆஸ்பத்திரியா, பொதுக் கழிப்பிடமா?"

வாட்ச்மேன் போட்ட சத்தம் கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜர் வரைக்கும் கேட்டது. அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். கூடையோடு நின்ற பழக்காரி கூனிக் குறுகிப் போனாள்.

"ஒரே நிமிஷம் அண்ணே. மார்க்கெட்ல இருக்கிறதைக் கட்டின நாள்லேருந்து பூட்டியே வச்சிருக்காங்க..."

"அதுக்கு நான் என்ன பண்றது? பேஷன்டைப் பார்க்க வந்தவங்களை மட்டும்தான் உள்ளே விடுவோம். காதுல விழுந்துச்சா? பேஷன்டைப் பார்க்க வந்தவங்களை மட்டும்!"

பழக்காரி வாய்க்குள்ளேயே அவனைத் திட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்து நின்றவள் வீடு வீடாகப் போய் கரன்ட் மீட்டர் ரீடிங் எடுக்கும் பெண். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு பேர் முன்னால் ஒரு பொம்பளையை இப்படியா விரட்டுவான்? அவளும் வந்தது அதே காரியத்துக்குத்தான்.

காலையிலிருந்து தொண்ணூறு வீடு ஏறி இறங்கியாயிற்று. எந்த வீட்டில் எத்தனை ஏசி ஓடுகிறது, எந்த மாடியில் புதிதாக வாஷிங் மெஷின் வந்திருக்கிறது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "கொஞ்சம் பாத்ரூம் போயிட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்டால் மட்டும் அந்த நிமிஷமே எல்லா வீட்டிலும் தண்ணீர் நின்றுவிடும். மூன்று பாத்ரூம் வைத்திருந்த ஒரு அம்மா, மூன்றுமே ரிப்பேர் என்றாள் கொஞ்சமும் கூசாமல்.

பஸ் ஸ்டாண்டில் இருப்பதற்கும் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஆளைக் கை காட்டினார்கள். திறப்பு விழாவுக்கு அடித்த பெயின்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. ஆம்பளைகளுக்கு என்ன கவலை? ஊரில் இருக்கிற சுவரெல்லாம் அவர்கள் பெயரில்தானே பட்டா!

"ஒழுங்காத் தண்ணி குடி. இப்படியே போனா கிட்னி கெட்டுடும்" என்று போன மாதம் டாக்டரம்மா திட்டியிருந்தாள். குடித்துவிட்டு எங்கே போவது என்று அந்த மகராசி சொல்லவில்லை.

இப்போது அடிவயிறு சுண்டி இழுத்தது. இன்னும் அஞ்சு நிமிஷம் போனால் நடுத்தெருவில் மானம் போய்விடும்.

"உங்களுக்கு என்ன?" என்று திரும்பினான் வாட்ச்மேன்.

உண்மையைச் சொன்னால் பழக்காரிக்குக் கிடைத்த மரியாதைதான் கிடைக்கும்.

"பேஷன்டைப் பார்க்கணும்."

"யாரு?"

"என்... பெரியம்மா."

"பொம்பளைங்க வார்டுதானே?"

"ஆமா, பொம்பளைங்க வார்டு."

"ஆபரேஷன் ஆனவங்களா?"

"ஆமாமா. ஆபரேஷன் ஆனவங்க."

"பெட் நம்பர் சொல்லுங்க. நம்பர் இல்லாம உள்ளே விடமாட்டேன்."

போலீஸ்காரன்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டான். வாயில் வந்த நம்பரைச் சொன்னாள்.

"பதினேழு."

ரிஜிஸ்டரை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுமையாக எழுதினான். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நேராப் போங்க. இடது பக்கம் ரெண்டாவது கதவு."

ஓடினாள். ரெண்டாவது கதவு பாத்ரூமாக இருந்தது. வார்டு அதற்கும் தள்ளி, வராந்தாவின் கடைசியில் இருந்தது. அதையெல்லாம் யோசிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

வெளியே வந்தபோது வயிற்று வலி போயிருந்தது, கோபம் மட்டும் இரண்டு மடங்காகி இருந்தது. ஒண்ணுக்குப் போக ஒரு பெரியம்மாவுக்கு ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கிறது. இது ஒரு ஊர்! இதற்குக் காவல் காக்க இப்படி ஒரு கல்நெஞ்சக்காரன்!

வாசலுக்கு வந்தால், பழக்காரி திரும்ப வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என் நாத்தனாரைப் பார்க்கணும். பொம்பளைங்க வார்டு. பெட் நம்பர்... இருபத்தி மூணு."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? கூடையை இப்படி ஓரமா வை, நான் பார்த்துக்கறேன். நேராப் போய் இடது பக்கம், ரெண்டாவது கதவு."

பழக்காரி உள்ளே ஓடினாள்.

மீட்டர் ரீடிங் எடுப்பவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த மண்டூகத்துக்கா இவ்வளவு பயந்தோம்? ஒரே நாளில் இரண்டு பேர் காதில் பூச்சுற்றிவிட்டார்கள், இவனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

"போறவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும்" என்று அதட்டினான்.

போட்டாள்.

"பெரியம்மா எப்படி இருக்காங்க?" ஆஸ்பத்திரிக்கே கேட்கிற மாதிரி விசாரித்தான்.

"இப்பத் தேவலை" என்றாள் அவளும் விட்டுக்கொடுக்காமல்.

கண்ணாடி அறையில் போன் அடித்தது. மேனேஜர் முதுகைக் காட்டித் திரும்பினார். அந்த நொடியில் வாட்ச்மேனின் குரல் சட்டென்று தணிந்தது. ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாளைக்கும் இந்தப் பக்கம்தான் வேலைன்னா தாராளமா வாங்கம்மா. ஆனா பன்னெண்டுக்குள்ள ஒரு நம்பராச் சொல்லுங்க. அந்த வார்டுல இருக்கிறதே பன்னெண்டு பெட்தான்" என்றார்.